தொண்ணூற்றைந்து என்று எழுதினேன்

எங்கள் கம்பெனியில் எனக்கு ஒரு பதவி இருக்கிறது. வெப்பக் கண்காணிப்பு அலுவலர். உலகத்தில் வேறு யாருக்காவது இந்தப் பதவி உண்டா என்று தெரியாது. முதலாளி ஏதோ ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டு வந்த மறுநாள் இது பிறந்தது. அதுவரை நான் உதிரிபாகக் கிடங்கில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கனரக இயந்திரங்களை இழுத்துப் போகிற லாரிகள் எங்களுடையவை. பின் சக்கரங்களுக்கு நடுவே, அச்சில், பூசணிக்காய் மாதிரி ஓர் இரும்பு உருண்டை இருக்கும். டிஃபரன்ஷியல். இன்ஜினின் பலமெல்லாம் அதற்குள் இருக்கும் பல்சக்கரங்கள் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போயாக வேண்டும். பாரம் கூடினால், ஏற்றம் நீண்டால், உள்ளே இருக்கிற எண்ணெய் சூடேறும். முதலாளி ஒவ்வொரு லாரியிலும் அந்த உருண்டைக்குள் ஒரு சென்சார் வைத்து, ஓட்டுநருக்கு முன்னால் ஒரு மீட்டரும் மாட்டினார். நல்ல காரியம். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு ஒரு மேஜை, ஒரு போன், ஒரு பதிவேடு, இரண்டு நிறத்தில் பேனா எல்லாம் கொடுத்தார்.

சட்டங்களை நான்தான் வகுத்தேன். ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை ஓட்டுநர் போன் செய்து முள் எங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டும். நூற்றுப் பத்து டிகிரி வரை பச்சை மை. தாண்டினால் சிவப்பு. சிவப்பு வாங்கியவர் நான்கு பக்கத்துக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டும். என் அனுமதி இல்லாமல் வழியில் வண்டியை நிறுத்தி ஆறப்போடக் கூடாது. இந்தக் கடைசிச் சட்டம் எதற்கு என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் திணறியிருப்பேன். யாராவது என்னிடம் அனுமதி கேட்டால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது, அவ்வளவுதான்.

ஓட்டுநர்கள் எனக்குக் 'காய்ச்சல் டாக்டர்' என்று பெயர் வைத்தார்கள்.

"டாக்டர், தொண்ணூறு."

"போன தடவையும் தொண்ணூறுதானே சொன்னீங்க?"

"கெட்டி உடம்பு டாக்டர். ஏறவே மாட்டேங்குது."

நான்கு பக்கம் எழுதப் பயந்து எல்லா லாரியும் தொண்ணூறிலேயே ஓடியது. ஒருநாள் ஒருவர் தொண்ணூற்றிரண்டு என்றார். அவருடைய லாரி அப்போது எங்கள் பட்டறையில், பின் அச்சைக் கழற்றிப் போட்டு, என் ஜன்னலுக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் வீட்டிலிருந்து போன் செய்துவிட்டார். நானும் பழக்க தோஷத்தில் பச்சை மையில் எழுதிக்கொண்டேன்.

உள்ளதை உள்ளபடி சொன்ன ஒரே ஆள் என் மச்சான். மனைவியின் அண்ணன். இருபத்திரண்டு வருட ஓட்டுநர். நூற்று எட்டு என்றால் நூற்று எட்டு என்பார். அதற்கு மேல் ஏறாதபடி அவரே வேகத்தைக் குறைத்துக்கொள்வார்.

இப்படியாக ஒரு சிவப்பும் இல்லாமல் நூறு நாள் நெருங்கியது. முதலாளி விழா என்று சொல்லிவிட்டார். தொண்ணூற்றெட்டாம் நாள் மதியம், பேனர் அச்சாகி வந்திருந்தது. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து என் மேஜைக்கு முன்னால் விரித்துக் காட்டினார்கள். 'வெப்பத்தை வென்ற நூறு நாட்கள்.' கீழ் மூலையில், முட்டை வடிவத்துக்குள் என் முகம். போன் அடித்தது.

"மாப்ள, நூத்தி இருபத்தெட்டு."

"எங்க இருக்கீங்க மச்சான்?"

"மலை ஏத்தத்துல. பின்னாடி நாப்பது டன் பாய்லர். கருகின வாசனை வேற வருது. ஓரங்கட்டி நல்லா ஆறப்போட்டுட்டு, எண்ணெயப் பாத்துட்டு எடுத்தா சரியாயிடும். நிறுத்தட்டுமா?"

பேனரில் என் முகம் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"ஏத்தம் இன்னும் எவ்வளவு இருக்கு?"

"இருபது கிலோமீட்டர்."

"மெதுவா ஏறிடுங்களேன். மேல போயிட்டா காத்து அடிக்கும்."

"எனக்கு அடிக்கும். எண்ணெய்க்கு அடிக்கணுமே."

"ரெண்டு நாள் மச்சான். ரெண்டே நாள் பச்சையா இருந்தா போதும்."

கியர் மாற்றும் சத்தம் கேட்டது.

"சரி மாப்ள. நீங்க சொன்னா சரி."

தொண்ணூற்றைந்து என்று எழுதினேன். எல்லோரையும் போலத் தொண்ணூறு போடாமல் ஐந்து கூட்டிப் போட்டது மனசாட்சிக்காக.

பதினான்காவது கிலோமீட்டரில் உருண்டைக்குள் பேரிங் எரிந்து இறுகிப் பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. லாரியும் பாய்லரும் சாலைக்குக் குறுக்கே நின்றன. யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்று முழுவதும் மலையில் ஒரு வண்டி போகவில்லை.

மறுநாள் முதலாளி அறையில் விசாரணை. என் பதிவேடு மேஜை நடுவில் இருந்தது.

"தொண்ணூத்தஞ்சுல இருந்த வண்டி பதினாலு கிலோமீட்டர்ல எப்படிய்யா எரியும்? கண்டபடி ஓட்டியிருக்க" என்றார் முதலாளி மச்சானிடம். "மீட்டர் என்ன காட்டுச்சு, நீயே சொல்லு."

மச்சான் என்னைப் பார்க்கவில்லை. பதிவேட்டைப் பார்த்தார்.

"அதுல என்ன எழுதியிருக்கோ அதான் முதலாளி."

நான் அந்த நேரத்தில் ஒரு காரியம் செய்தேன். பேனா மூடியைக் கழற்றி மாட்டினேன். கவனக்குறைவு என்று எழுதிய தாளில் மச்சான் கையெழுத்துப் போட்டார். மாத முடிவில் வேலையிலிருந்து நீக்கம் என்றார்கள். அவர் வெளியே போகும்போது கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார். அறைந்து சாத்தியிருக்கலாம்.

பதிவேட்டில் சிவப்பு இல்லாததால் விழா நடந்தது. லாரி உரிமையாளர் சங்கத் தலைவர், எரிந்த லாரி நின்ற பட்டறையைக் கடந்து மேடைக்கு வந்து, என்னை விஞ்ஞானி என்றார். கேடயம் கொடுத்தார்கள். கைதட்டலில் ஓட்டுநர்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது: "டாக்டர், மச்சானுக்கு எவ்வளவு டிகிரி?"

விழா முடிந்ததும் தலைமை மெக்கானிக்காக இருக்கும் அம்மா என்னைப் பட்டறைக்குக் கூப்பிட்டார். உருண்டையைப் பிரித்து வைத்திருந்தார். பல்சக்கரம் மயில்கழுத்து நிறத்தில் நீலம் பாரித்திருந்தது.

"இது தொண்ணூத்தஞ்சு பாத்த இரும்பா தம்பி?"

பல்சக்கரத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"எங்கிட்ட சொல்ல வேணாம். சொல்ல வேண்டிய எடத்துல சொல்லு. அந்தாளுக்கு ஸ்டியரிங்க விட்டா வேற வேலை தெரியாது."

முதலாளி அறைக்குப் போனேன். நூற்று இருபத்தெட்டு என்று அவர் சொன்னதையும், நிறுத்தட்டுமா என்று கேட்டதையும், நான் வேண்டாம் என்றதையும் சொன்னேன்.

முதலாளி கதவைப் பார்த்தார். மூடியிருந்தது.

"அவனே ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டுட்டான். நீங்க எதுக்கு நடுவுல?"

"அது பொய் முதலாளி. பதிவேடே பொய். அச்சைக் கழட்டிப் போட்ட லாரிக்குக்கூட தொண்ணூத்திரெண்டு எழுதியிருக்கேன்."

முதலாளி வெகுநேரம் யோசித்தார். அவர் யோசித்தது மச்சானைப் பற்றி அல்ல. சங்கத் தலைவர் இன்னும் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சரி. அவன் வேலைய விட்டுப் போக வேணாம். உற்பத்திக் கோளாறுன்னு எழுதிக்கலாம். நீங்களும் அப்படியே இருங்க. இது இந்த அறையத் தாண்டக் கூடாது."

எனக்குத் தண்டனை என்று ஒன்றும் இல்லை. கேட்டிருந்தால் பதவி உயர்வு கொடுத்து வாயை மூடியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். என் மனைவிக்கு, அண்ணன் வண்டியை எரித்துவிட்டார் என்பதும், கணவர் முதலாளியிடம் பேசி வேலையைத் திரும்ப வாங்கிக்கொடுத்தார் என்பதும்தான் தெரியும். அவள் இருவருக்கும் பரிமாறினாள்.

"இவரு மட்டும் இல்லன்னா உன் கதி என்னண்ணா? இனிமேலாச்சும் மீட்டரப் பாத்து ஓட்டு."

"பாக்குறேம்மா" என்றார் மச்சான்.

அவர் நிமிரவேயில்லை, பொறுமையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு பொய்க் கையெழுத்தையும் எனக்காகப் போடத் தயாராக இருந்தார்.

"அவரு பாத்தாரு" என்றேன். "பாத்து எனக்குச் சொன்னாரு. நிறுத்தட்டுமான்னு கேட்டாரு. நான்தான் போகச் சொன்னேன். தப்பா எழுதினதும் நான்தான்."

மனைவியின் கையில் கரண்டி நின்றது. அண்ணனைப் பார்த்தாள்.

"நெஜமாண்ணா?"

மச்சான் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "அவரு பேர்ல பாதிதான் தப்பு. இருபத்திரெண்டு வருஷமா, வண்டிய நிறுத்தணும்னு தோணுச்சுன்னா நிறுத்துவேன். யாரையும் கேட்டதில்ல. அன்னைக்கி, நம்ம மாப்ள மேஜை போட்டு உக்காந்திருக்காரே, கேக்கலன்னா மனசு வருத்தப்படுவாரேன்னு கேட்டேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"சாப்பிடுங்க மாப்ள" என்றார். "இனிமே கேக்க மாட்டேன்."

மனைவி அண்ணனுக்கு இன்னொரு கரண்டி வைத்தாள். எனக்கும் வைத்தாள், முகத்தைப் பார்க்காமல். தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டு முடித்தேன். வேண்டாம் என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை.