மிளகாய்ச் சாக்கு

கிடங்கில் பாண்டித்துரைக்குச் சுமை வேலை நின்றுபோனதிலிருந்து, அவன் மனைவி மாயம்மாள் வீட்டுச் செலவை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்தாள். முதலில் மீன், பிறகு சாயாவுக்குப் பால். இன்று கேஸும் தீர்ந்தது. கிடங்கு வாசலில் சும்மா கிடந்த பழைய சாக்குகளைப் பொறுக்கி வந்து, பின்புறம் கல் கூட்டி உலை ஏற்றினாள். வற்றல் மிளகாய் வந்த சாக்குகள் என்று அவளுக்குத் தெரியும். எரித்தால் என்ன ஆகும் என்பதைத்தான் யோசிக்கவில்லை.

சற்று நேரத்தில் சந்து முழுக்க இருமியது.

பக்கத்து வீட்டு மலையாளப் பெண் சுனிதா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். “என்ன சேச்சி, பேய் ஓட்டறீங்களா?”

“ஓடினா நல்லதுதான். எங்க வீட்லதானே குடியிருக்கு.”

பாண்டித்துரை கண்ணைத் திறக்க முடியாமல் தண்ணீர்க் குடத்தோடு வந்தான். “தள்ளு, அணைச்சிடறேன்.”

“அணைக்காதீங்க. அரிசி பாதிதான் வெந்திருக்கு. பிள்ளைங்களுக்குக் கொடுக்க வேற அரிசி இல்லை.”

அவன் குடத்தைக் கீழே வைத்தான். மாயம்மாள் முந்தானையை அதில் நனைத்து முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, அடுத்த சாக்கை நெருப்புக்குள் தள்ளினாள்.