மாடியில் மட்டும் வெந்நீர்

மதியம் இரண்டு மணிவாக்கில் பச்சையம்மாள் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்குவதை, மாடி பால்கனியிலிருந்து தட்சிணாமூர்த்தி தினமும் பார்ப்பார். விடியற்காலை தொடங்கி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு, காலி அன்னக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வருவாள். தான் குடியிருக்கும் வீட்டின் முன்வாசல் கேட்டைத் திறக்காமல் அதைத் தாண்டிப் போய், பக்கத்துச் சந்தில் திரும்பி, பின்புறமாக வீட்டை அடைவாள். அங்கே தனியாக ஒரு பழைய குளியலறை உண்டு. அதில் தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகுதான் உள்ளே நுழைவாள்.

அது வீட்டுக்காரர் தட்சிணாமூர்த்தி போட்ட சட்டம். சாரம் பகுதியில் உள்ள அந்த வீட்டின் கீழ்ப்பகுதியை அவள் மகன் வெற்றிவேலுக்கு வாடகைக்கு விடும்போதே சொல்லிவிட்டார். "மீன் யாவாரம்னா எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா அந்த வாடை படிக்கட்டுல ஏறக் கூடாது. ஒங்கம்மா பின்பக்கமா வந்து குளிச்சிட்டு உள்ள போவட்டும்."

டெம்போ ஓட்டும் வெற்றிவேல் சரியென்று தலையாட்டினான். கடலோரக் குப்பமான பிள்ளைச்சாவடியில் அவர்களுடைய வீட்டின் சமையல்கட்டைக் கடல் அரித்துக்கொண்டு போயிருந்தது. ஊருக்குள் வந்து வீடு தேடியபோது, அம்மா மீன் விற்கிறாள் என்று கேட்டதும் நான்கு இடங்களில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நிபந்தனையோடாவது வீடு தருகிறேன் என்றவர் தட்சிணாமூர்த்தி ஒருவர்தான்.

தட்சிணாமூர்த்தி கெட்டவர் இல்லை. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. பிள்ளைகள் வெளியூரில் இருந்தார்கள். மாடியில் அவரும் மனைவி கமலாவும் மட்டும். நகர் நலச் சங்கத்தின் செயலாளர். ஓய்வு பெற்ற கையோடு மொட்டை மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்தார். இருநூறு லிட்டர் தொட்டி. வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி கொடுத்த கையோடு மாடிக்கு அழைத்துப்போய்க் கறுப்புக் கண்ணாடிக் குழாய்களைக் காட்டுவார். குழாயைத் திறந்து ஆவி பறப்பதைப் பார்க்கச் சொல்வார். "ஒரு யூனிட் கரண்டு கெடையாது. எல்லாம் வெயிலு" என்பார். வந்தவர்கள் ஆச்சரியப்படுவார்கள். அவருக்கு அன்றைய பொழுது நிறைந்துவிடும்.

வெற்றிவேலின் மனைவி அன்புசெல்வியும் ஒருநாள் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனபோது அதைப் பார்த்தாள். இறங்கி வந்து கமலா முன்னிலையிலேயே கேட்டாள்.

"சார், அத்தைக்கு நாளெல்லாம் ஐஸுல கை வெச்சி வெச்சி வெரலு மரத்துப் போவுது. வந்ததும் சுடுதண்ணி ஊத்துனாத்தான் கை மடங்குது. மேலேர்ந்து ஒரு கொழா கீழ குடுத்தீங்கன்னா நல்லாருக்கும். செலவு நாங்களே ஏத்துக்கறோம்."

"அதெல்லாம் சரிப்படாதும்மா. ஓனர் போர்ஷனுக்குன்னு போட்டது. கொழந்தையோட நீங்க நாலு பேரு, தெறந்து விட்டீங்கன்னா எங்களுக்குப் பத்தாது."

"தெனம் காஸுல வெச்சா சிலிண்டரு கட்டுப்படியாவாது சார். அப்ப பின்னால ஒரு வெறகு அடுப்பு..."

"செவுரு கரி புடிக்கும். போன வருசந்தான் பெயிண்ட் அடிச்சேன்."

கமலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாள். அன்புசெல்வி அடுத்த வாரம் கடைத்தெருவில் ஒரு ஹீட்டர் ராடு வாங்கி வந்தாள். பக்கெட் தண்ணீரில் தொங்கவிட்டு சுவிட்சைப் போட்டால் கால் மணியில் தண்ணீர் கொதிக்கும், அந்த ராடுதான். பின்பக்கக் குளியலறையில் ஒரு பழைய பிளக் பாயின்ட் இருந்தது, வசதியாகப் போயிற்று. பச்சையம்மாளின் வெந்நீர்ப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள். மாடியில் இரண்டு பேர் குளித்தது போக மீந்த வெந்நீர், ராத்திரியில் தொட்டிக்குள்ளேயே சூடு குறைந்துகொண்டிருந்தது.

பொங்கல் கழிந்து நான்கைந்து நாள் இருக்கும். குடியரசு தினத்தன்று கொடியேற்றியதும் சங்கக் கூட்டத்தில் மின்சிக்கனம் பற்றி தட்சிணாமூர்த்தி பேசுவதாக ஏற்பாடு. மதியச் சாப்பாடு முடிந்து, பேச வேண்டியதை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே நல்ல வெயில். கீழே பின்பக்கமாக ஏதோ விழுந்து உருளும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து ஒரு குரல் வந்தது. கூப்பிடுகிற குரலாக அது இல்லை. தொண்டையிலேயே இறுகிப்போன ஓர் ஒலி.

"ஏங்க, பின்னால போய்ப் பாருங்க" என்றாள் கமலா.

அவர் ஓடி இறங்கினார். குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. பச்சையம்மாள் ஈரத்தரையில் முழங்காலிட்ட மாதிரி கிடந்தாள். வலது கை பக்கெட்டுக்குள் இருந்தது. உடம்பு முழுக்க உதறிக்கொண்டிருந்தது. சுவிட்ச் அவளுக்கு அந்தப் பக்கம். அவளைத் தொடக் கூடாது என்று மட்டும் அவருக்குப் புரிந்தது. படிக்கட்டுக்கு அடியில் இருந்த மீட்டர் பெட்டிக்கு ஓடி மெயினை அணைத்தார். திரும்பி வந்தபோது அவள் சரிந்து விழுந்திருந்தாள். நெற்றி துணி துவைக்கும் கல்லில் மோதி ரத்தம் வந்தது.

ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. பெரியாஸ்பத்திரியில் இதயத்துடிப்பைக் கவனிக்க வேண்டும் என்று மூன்று நாள் வைத்துக்கொண்டார்கள். இரண்டு விரல்கள் வெந்து போயிருந்தன, நெற்றியில் ஆறு தையல். "மெயின ஆஃப் பண்ண லேட்டாயிருந்தா கஷ்டம்" என்று டாக்டர் சொன்னார். வெற்றிவேல் ஆஸ்பத்திரி வராந்தாவில் தட்சிணாமூர்த்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதான்.

"சார், நீங்க இல்லன்னா எங்கம்மா இல்ல சார்."

அவர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். செய்தி தெருவில் பரவியது. மெயினை அணைத்து ஓர் உயிரைக் காப்பாற்றிய செயலாளரைச் சங்கத்துக்காரர்கள் போனில் பாராட்டினார்கள். அன்றைக்கு அவருக்கும் தான் ஒரு நல்ல காரியம் செய்ததாகத்தான் தோன்றியது.

மறுநாள் காலை எலக்ட்ரீசியன் செல்வகுமார் வந்தான். குளியலறை பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டான்.

"சார், இங்க வாங்க. மூணு ஓட்டை இருக்குதா? உள்ள ரெண்டு வயருதான் இருக்கு. எர்த்து இழுக்கவே இல்ல."

தட்சிணாமூர்த்திக்கு நினைவு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் வீடு கட்டும்போது, பின்பக்கக் குளியலறைக்கு எர்த்து வேண்டாம், அங்கே ஒரு குண்டு பல்புதானே எரியப்போகிறது என்று சொன்னவர் அவர்தான்.

"ராடும் லீக்குதான். ஆனா எர்த்து இருந்து, மெயின்ல ஒரு டிரிப் சுவிட்சும் இருந்திருந்தா, கரண்டு கசிஞ்ச ஒடனே தானா கட்டாயிருக்கும். அந்தம்மாவுக்கு இவ்ளோ அடி பட்டிருக்காது." செல்வகுமார் பிளக்கைத் திரும்ப மூடினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நான் வெளிய சொல்ல மாட்டேன் சார். ராடு மட்டமான ராடுதான். பழி அதும்மேலயே இருக்கட்டும். இன்னிக்கே எர்த்து இழுத்துடறேன், ஒருத்தருக்கும் தெரியாது."

"இழுத்துடு" என்றார்.

ஒயர் வரும் வழியைப் பார்க்க மொட்டை மாடிக்குப் போன செல்வகுமார், சோலார் தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "ரெண்டு பேருக்கு இருநூறு லிட்டரா சார்? முக்காவாசி அப்படியே ஆறிப் போவுமே. கீழ ஒரு லைன் குடுத்திருந்தா ராடே தேவப்பட்டிருக்காது" என்றான். குத்தலாகச் சொல்லவில்லை. தொழில்காரன் தன் கண்ணில் பட்டதைச் சொன்னான், அவ்வளவுதான்.

அன்று ராத்திரி செல்வகுமார் சொன்னதையெல்லாம் தட்சிணாமூர்த்தி கமலாவிடம் சொன்னார். அவள், "ஒங்களக் கையெடுத்துக் கும்புட்டானே அந்தப் புள்ள" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தக் கும்பிடு அவருக்கு ஆயுசுக்கும் நிற்கும். செல்வகுமார் பேசமாட்டான், கமலாவும் பேசமாட்டாள். பொய் சொல்லக்கூட வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். சும்மா இருக்கத்தான் முடியவில்லை.

மறுநாள் மாலை ஆஸ்பத்திரிக்குப் போனார். பச்சையம்மாள் தலைக்கட்டோடு எழுந்து உட்கார்ந்திருந்தாள். அன்புசெல்வி இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். வெற்றிவேல் அவசரமாக ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"சார், இனிமே அந்த ராட வீட்டுக்குள்ளயே சேக்க மாட்டோம். எங்களால ஒங்களுக்கு வீண் தொந்தரவு."

"ராடு மேல மட்டும் தப்பில்ல, வெற்றி." அவர் உட்காரவில்லை. "அந்த பிளக்குக்கு எர்த்து வயரே கெடையாது. கட்டும்போது நான்தான் வேணாம்னு சொன்னேன். அது இருந்திருந்தா ஒங்கம்மாவுக்கு இவ்ளோ ஆயிருக்காது. நீ எனக்கு நன்றி சொல்ல வேண்டியதில்ல."

வெற்றிவேலுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது. வார்டை விட்டு வெளியே போய்விட்டான். அன்புசெல்வி தட்டைக் கீழே வைத்தாள்.

"ஒரு கொழாதான சார் கேட்டோம்?" என்றாள்.

தட்சிணாமூர்த்தி தலை குனிந்து நின்றார். திட்டினால் கேட்டுக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தார். பச்சையம்மாள் திட்டவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, மார்க்கெட்டில் வாடிக்கையாளரிடம் பேசுவது போலச் சாதாரணமாகத்தான் பேசினாள்.

"ஒண்ணு சொல்றேன் சார், கோச்சிக்காதீங்க. யாவாரம் முடிஞ்சி நான் எழுந்திரிக்கறப்போ கூடையில ஐஸு மிச்சம் இருந்தா, பக்கத்துல மீனு விக்காம குந்தியிருக்கறவ கூடையில கொட்டிட்டுத்தான் வருவேன். அவளுக்கும் எனக்கும் நாலு வருசமா பேச்சுவார்த்தையே கெடையாது. இருந்தாலும் கொட்டுவேன். வீட்டுக்குத் தூக்கினு வந்தா என்னா ஆவும்? வழியிலேயே தண்ணியாப் போவும். ஒங்க தொட்டியில மீந்துபோற சூடு மட்டும் விடிஞ்சா எங்க சார் போவுது?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "வீட்டுக்கு வாங்க. இனிமே முன்வாசல்லயே வாங்க" என்றார்.

"வாடையோடவா?"

"வாடையோடத்தான்."

பச்சையம்மாள் சிரித்தாள். தையல் இழுத்ததால் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

அவள் வீடு திரும்புவதற்குள் வேலை முடிந்திருந்தது. மாடித் தொட்டியிலிருந்து சூடு ஆறாதபடி உறை சுற்றிய குழாயைச் செல்வகுமார் கீழ்வீட்டுக் குளியலறைக்குக் கொண்டு வந்தான். மெயினில் டிரிப் சுவிட்ச் வைத்தான். வெயில் இல்லாத நாளில் மட்டும் காஸில் தண்ணீர் வைத்துக்கொள்வதென்று இரண்டு வீட்டுக்காரர்களும் பேசிக்கொண்டார்கள். ஆறு பேர் குளித்தும் தண்ணீர் பற்றாமல் போகவில்லை. வெற்றிவேல் மட்டும் அவரிடம் முன்போல் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வான், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அது தனக்குரியதுதான் என்று அவரும் ஏற்றுக்கொண்டார்.

குடியரசு தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்த பிறகு கூட்டம் தொடங்கியது. தட்சிணாமூர்த்தி எழுந்து இரண்டு கேள்விகள் கேட்டார். மாடியில் சோலார் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் யார் யார்? பதினோரு பேர் பெருமையாகக் கை தூக்கினார்கள். அதில் கீழே குடியிருப்பவர்களுக்கும் குழாய் கொடுத்திருப்பவர்கள்? எல்லாக் கைகளும் இறங்கின. அவருடைய கை மட்டும் உயர்ந்தது. அது ஏன் உயர்ந்தது என்பதை, பிளக்கில் இல்லாத வயர் முதற்கொண்டு ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். முன்பு போனில் பாராட்டியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பொருளாளர் ராஜாங்கம் எழுந்தார். "நீங்க சொல்றது வருத்தமான விசயந்தான் செயலாளரே. ஆனா ஒயரிங்க சரி பண்ணிட்டா போச்சு. குடியிருக்கறவங்களுக்கு எதுக்கு சோலாரு? அவங்க கரண்டு பில்லு, அவங்க கட்டறாங்க. நம்ம வீட்டுல நாம சிக்கனமாத்தான இருக்கோம்?"

"இல்ல ராஜாங்கம்" என்றார் தட்சிணாமூர்த்தி. "மேல ரெண்டு பேரு வெயில்ல குளிச்சிட்டு, கீழ நாலு பேர கரண்டுல குளிக்க வெச்சா, அந்த வீடு எதையும் மிச்சம் புடிக்கல. செலவையும் ஆபத்தையும் ஒரு மாடி கீழ தள்ளி விட்டிருக்கு, அவ்ளோதான். வெயிலுக்கு ஓனரும் கெடையாது, வாடகைக்காரனும் கெடையாது. ஒரு கூரைக்கு அடியில இருக்கற எல்லாருக்கும் சேந்து கெடைச்சாத்தான் அதுக்குப் பேரு சிக்கனம். இல்லன்னா அது வெறும் சுயநலம்."