வினைச்சொல்லின்மேல் ஒட்டிய தாள்

1.
இந்தக் கதை எனக்குப் பசையிலிருந்து கிடைத்தது. நம்பாவிட்டால் போங்கள். பழைய புத்தகக் கடையில் வாங்கிய வரலாற்றுப் பாடநூலில், ஒரு சொல்லின்மேல் மட்டும் சிறு தாள் ஒட்டியிருந்தது: "பாலத்தில் கூடியவர்கள் சென்றனர்." வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் "மறைந்தனர்" என்று இன்னொரு தாள். அதற்கும் அடியில், அச்சில், "சுட்டுக் கொல்லப்பட்டனர்". ஆட்சிக்கு ஒரு தாள்.

2.
பாடநூல் குழுவின் அறையில் மின்விசிறி மெல்லச் சுழன்று...

(வேண்டாம். மின்விசிறியில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

குழுவில் ஒரு வரலாற்று ஆசிரியை இருந்தாள். அவளுடைய அண்ணன் அந்தப் பாலத்தில் செத்தவன்.

"'மறைந்தனர்'னா செத்தாங்கன்னு அர்த்தம் வருது டீச்சர்," என்றார் குழுத் தலைவர்.

"அர்த்தம் அதுதானே சார்?"

"அதைத்தான் சொல்றேன். 'சென்றனர்'னு போடுங்க. எங்க போனாங்கன்னு பரீட்சையில கேட்கவா போறோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துத் தொலைத்தாள். முதல் பிரதியில் தாளை அவளே ஒட்டினாள்.

3.
அன்று பிற்பகலே அவள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. (பேயா என்று கேட்காதீர்கள். பேய் எதற்குக் கதவைத் தட்டப்போகிறது?)

அண்ணன். அதே கட்டம்போட்ட சட்டை, அதே அரும்பு மீசை. சட்டையில் ஓட்டை மட்டும் இல்லை.

"என்னடி, தலையெல்லாம் நரைச்சுப்போச்சு?"

"அண்ணா... நீ செத்துட்டியே."

"வாயைக் கழுவு. போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? வந்துட்டேன்."

தெரு நெடுக மற்றக் கதவுகளும் தட்டப்படுவது கேட்டது.

"உன்னைச் சுட்டவங்க?"

அண்ணன் விழித்தான். "யாரு யாரைச் சுட்டா?"

4.
அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். தாளின் ஓரத்தை நகத்தால் கிளப்பினாள். அண்ணனின் சட்டையில், நெஞ்சுக்கு நேராக, சிவப்பாக ஒரு பொட்டு பூத்தது. அவள் பதறி ஓரத்தை அழுத்தினாள். பொட்டு போயிற்று.

ஒரு முடிவு: அவள் கண்ணை மூடிக்கொண்டு சுரண்...

இன்னொரு முடிவு: அண்ணனுக்குச் சாப்பாடு போட்டாள். மறுநாள் வகுப்பில், பாலத்தில் ஒன்றுமே நடக்கவில்லை பிள்ளைகளே என்று...

இரண்டையும் அடித்துவிட்டேன். ஆளைக் கொல்ல எனக்குத் தெம்பில்லை. பொய் சொல்லவோ, வாழ்க்கையில் முதல் தடவையாக, வெட்கமாக இருக்கிறது. அதனால், கோடிட்ட இடத்தை நீங்களே நிரப்புங்கள்:

பாலத்தில் கூடியவர்கள் __________.

அவசரமில்லை. அண்ணன் இன்னும் வாசற்படியில்தான் நிற்கிறான். அவள் தலையைத் தூக்கவில்லை. அவளைத் தாண்டி, இந்தப் பக்கம் பார்த்து, உங்களிடம்தான் கேட்கிறான்:

"உள்ள வரலாமா?"