உப்பு நார்த்தங்காய்

ரத்தக்குழாய்கள் வயதாகி இறுகிவிட்டன, உப்பைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். சோமனூரில் தறி ஓட்டும் சத்தியசீலனுக்கு டாக்டரைவிடச் செல்போன்மேல்தான் நம்பிக்கை. நார்த்தங்காய் ரத்தக்குழாயை இளமையாக்கும் என்று அதில் எவனோ பேசியிருந்தான்.

"இனி மூணு வேளையும் நார்த்தங்காய் ஊறுகாய் வெச்சுப்போடு," என்றான் மனைவியிடம்.

"காய் நல்லதுதானுங்க. ஊறுகாய் உப்புல ஊறுனதுங்க. பழமா வாங்கிச் சாறு புழிஞ்சு தாரேனுங்க," என்றாள் டெய்சி.

சோற்றுத்தட்டு சுவரில் மோதி விழுந்தது. "பத்தாவது பெயிலானவ எனக்கு வைத்தியம் சொல்றயா?"

கல்யாணமான நாளிலிருந்து அவன் வீசிய தட்டுகளை எடுத்த கை அதையும் எடுத்தது. டெய்சி அதன்பின் மறுத்துப் பேசவில்லை. புதிதாக ஒரு ஜாடி நார்த்தங்காய் போட்டாள். உப்பை வழக்கத்தைவிடத் தாராளமாக அள்ளிக் கொட்டினாள். தட்டில் தீரத்தீரக் கேட்காமலே வைத்தாள். அவன் விரலைச் சப்பிக்கொண்டு தின்றான்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் அவனுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, டெய்சி அவனுக்குத் தலையணையைச் சரிசெய்து கஞ்சி ஊட்டினாள். அடுத்த கரண்டியில் நார்த்தங்காயை மசித்து வைத்திருந்தாள். அவன் கண்களை அகல விரித்து, முகத்தைத் திருப்பப் பார்த்தான்.

டெய்சி கரண்டியை அவன் உதட்டருகே பிடித்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தாள்.

"ஏனுங்க, வேண்டாம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. எடுத்துப்போடறேன்."