குளிர்கிடங்குச் சாட்சி

சாட்சி நாற்காலியிலிருந்து எழுந்த இஷ்பெலின் தலையில் இடி விழுந்தது. பார்வையாளர் வரிசையின் கடைசியில் டாட் உட்கார்ந்திருந்தான்!

அபர்தீன் நகரத் தொழிலாளர் தீர்ப்பாயத்தில் அவளுக்கிருந்த ஒரே சாட்சி, கூட வேலை பார்த்த அவன்தான். கூப்பிடும்வரை சாட்சி வெளியேதான் இருக்க வேண்டும். அடுத்தவர் சொல்வது காதில் விழக் கூடாது.

மீன் ஆலையின் குளிர்கிடங்கில் மாட்டிக்கொண்டு தொழிலாளி சாண்டி உறைந்து செத்தான். கதவின் உள்கைப்பிடி பழுதென்று மேற்பார்வையாளர் இஷ்பெல் சொல்லவேயில்லை என்று அவளை வேலையைவிட்டுத் துரத்தினார்கள். மேலாளர் ஸ்ட்ராக்கனிடம் நேரிலேயே சொன்னேன் என்பது அவள் வழக்கு. அந்த வேலை திரும்ப வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

"ஏண்டா எருமை, உள்ள வந்தே?" பல்லைக் கடித்தாள்.

"வெளிய தனியா உக்கார முடியல இஷ்பெல்." டாட்டின் உதடு வெளுத்திருந்தது. "பக்கத்து நாற்காலி சில்லுன்னு ஆயிடுச்சு. சாண்டிதான்."

இஷ்பெல் சிரிக்கவில்லை. அவள் வீட்டிலும் நாற்காலிகள் அப்படிக் குளிர்ந்துபோவதுண்டு.

கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்து நீதிபதி அம்மாளிடம் முறையிட்டார். "அம்மா, இவர் எல்லாத்தையும் கேட்டுட்டார். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பார்!"

"பேசட்டும். எவ்வளவு நம்பறதுன்னு நான் பாத்துக்கறேன்," என்றார் நீதிபதி.

டாட் வலக்கையை உயர்த்திச் சத்தியம் செய்தான். "கைப்பிடி சும்மா சுத்துதுன்னு இஷ்பெல் சொன்னா. 'சீசன் முடியட்டும்'னாரு ஸ்ட்ராக்கன்."

"இதைத்தானே இப்ப கேட்டீங்க!" என்று மடக்கினார் வக்கீல்.

"அவ சொல்லாததும் இருக்குங்க. சாண்டியும் அங்க நின்னான். 'நான் மாட்டிக்கிட்டா?'ன்னு இளிச்சான். 'தட்டுடா, வந்து திறக்கறேன்'னா இவ."

"அது விளையாட்டுக்குச் சொன்னது!" என்று கத்திவிட்டுத்தான், முன்பே சாட்சி சொல்லிவிட்டு வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்ட்ராக்கன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்தப் பேச்சு நடந்ததை அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டாயிற்று.

நீதிபதி இஷ்பெலைப் பார்த்தார். "இதை ஏன் மறைச்சீங்க?"

"தட்டியிருப்பான் அம்மா. நான் கேன்டீன்ல இருந்தேன்."

பணிநீக்கம் தவறென்று தீர்ப்பாயிற்று. "நஷ்டஈடு வாங்கிக்கலாமே? திரும்ப அந்தக் கதவுக்கா போகணும்?" என்று கேட்டார் நீதிபதி.

"அந்தக் கதவுக்குத்தாம்மா."

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் ஆலைக்குப் போய்க் கதவைத் திறந்தாள். வெள்ளைப் புகையாய்க் குளிர் வெளியேறியது. உள்ளே யாருமில்லை. ஆனாலும், ஒருவன் வெளியே வர இடம் விட்டு, ஒதுங்கி நின்றாள்.