முட்டையைப் பிடிக்கிற மாதிரி

காலையில் கூண்டுத் துணியை விலக்கினால் எங்கள் புறா வுலான் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வளைந்து நீண்ட நகம் துணி இழையில் மாட்டியிருந்தது. இழையைக் கத்தரித்து விடுவித்தேன். அதைப் பார்த்த என் கணவர் பர்ஜியோவின் முகம் செத்துப்போயிற்று.

அவருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம். அதுவரை நகமெல்லாம் அவரே வெட்டிவிடுவார். பறவைச் சந்தைக்குக் கொண்டுபோனால் ஐந்து நிமிட வேலைதான். அங்கே பாதிப் பேருக்குப் புறாவைக் கையில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவருக்கு, மரத்துப்போன கையோடு போய் நிற்க மனம் இடம் கொடுக்கவில்லை. நாற்பது வருடத்தில் கூவலுக்காக வளர்க்கும் இந்தப் பெர்குதுத் புறாக்களைக் கொஞ்சியதில் பாதி என்னைக் கொஞ்சியிருந்தால் நான் கொடுத்துவைத்தவள்.

"வெட்டுறது யாரும் வெட்டலாம் சுமினி. பிடிக்கிறதுதான் வித்தை. நெஞ்சை அழுத்தினா அதுக்கு மூச்சு வராது. முட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கணும். கையைக் கொடு."

மரத்துப்போன வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினார். எலும்பு வரை வலித்தது.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு" என்றேன்.

எட்டு மாதமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் கையிலிருந்து கோப்பை நழுவினால் கோப்பையைத்தான் திட்டுவேன்.

ரத்தம் வந்தால் அப்பக் கிண்ணத்தில் மரவள்ளி மாவு, பக்கத்தில் நகவெட்டி, சாய்த்து வைத்த போனில் வெளிச்சம். புறாவை அவர் அந்த வலது கையில் பிடித்துக்கொண்டார், நகவெட்டியை நான் எடுத்தேன். ஆனாலும் நகம் கறுப்பு. உள்ளே ரத்தம் எங்கே முடிகிறதென்று தெரியவில்லை.

"நுனி மட்டும். அரிசி முனை அளவு."

ஒன்று வெட்டினேன். இரண்டு. மூன்றாவதற்கு விரலை நீட்டிவிட்டபோது வுலானின் அலகு திறந்திருப்பதைப் பார்த்தேன்.

"கொஞ்சம் லேசா பிடிங்க."

"லேசாத்தானே பிடிச்சிருக்கேன். நீதான சரியா இருக்குன்னே?"

அதன் கண் பாதி மூடிவிட்டது. நகவெட்டியைக் கீழே போட்டேன்.

"பொய் சொன்னேன்! இறுக்குறீங்க, விடுங்க!"

அவருக்குக் கேட்டது. விரல்களுக்குக் கேட்கவில்லை. நான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். புறா என் உள்ளங்கையில் சரிந்தது. அது மூச்சு விடுகிறதா என்று பார்க்கவே பயமாக இருந்தது. பிறகு அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

"நெஞ்சு மேல விரல் படாம. கழுத்துக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு விரல். அப்படித்தான்... அப்படித்தான் கண்ணு."

சொன்னது புறாவுக்கா எனக்கா என்று கேட்க அது நேரமில்லை.

அலகு மூடி மூச்சு நிதானப்படும்வரை காத்திருந்தோம். துணியில் மாட்டிய அந்த நீள நகம்தான் இன்னும் பாக்கி. நகவெட்டியை இடது கையில் எடுத்தார். பழக்கமில்லாத கை. டக். ஒரு சொட்டு ரத்தம். மாவை அப்பி அழுத்திப் பிடித்துக்கொண்டேன். விரலை எடுத்தபோது ரத்தம் நின்றிருந்தது.

அரை மணி நேரம் கழித்தும் கசியவில்லை. வெயிலில் கூவட்டும் என்று கூண்டைக் கம்பத்தில் ஏற்றக் கயிற்றை இழுத்தோம், நான் இரண்டு கையாலும், அவர் ஒரு கையாலும். உச்சியில் வுலான் உடலைச் சிலிர்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தது.

கயிற்றைக் கட்டும்போது என் சட்டைக் கை மேலே ஏறிவிட்டது. மணிக்கட்டில் நான்கு சிவந்த தடங்கள்.

"இது..." என்றார்.

கயிறு பட்டதென்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

அவர் இடது கையால் தன் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து அந்தத் தடங்களின்மேல் வைத்தார். நான்கும் பொருந்தின. மேலே கூண்டிலிருந்து இன்னும் சத்தம் வரவில்லை.