பென்னலூர்க் கணவாய்

நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் காலையிலிருந்து, பென்னலூரில் கோதண்டத்தின் வீட்டு மொட்டை மாடியில் மட்டும் வெண்பனி கொட்டியது. பக்கத்து வீட்டு மாடியில் தை மாத வெயிலில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. எதிர் வீட்டில் துணி காய்ந்தது. கோதண்டம் வீட்டுக் கைப்பிடிச் சுவருக்கு உள்ளே மட்டும், தலையணையைக் கிழித்து உதறினாற்போல வெள்ளை வெளேரென்று இறங்கியது. தொட்டியில் கொத்தமல்லி கிள்ளப் போன அவர் மனைவி நாச்சியார், தொட்டியையே காணாமல் கீழே வந்து, "மேல ஐஸ் கொட்டிக்கினு கீது. ரசத்துக்குக் கடையிலதான் வாங்கணும்" என்று சொல்லிவிட்டுப் புளியைக் கரைத்தாள்.

காரணம் என்ன என்பதில் அவர்கள் மகள் எழிலரசிக்குச் சந்தேகமே இல்லை. எல்லாம் தட்டு மாற்றியதால் வந்தது. அவள் ஒரகடத்தில் கார்களுக்கு வயரிங் கட்டும் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்பவள். சுபாஷ், கம்பெனிகள் வருவதற்காகச் சுற்றுவட்டார வயல்களையெல்லாம் மேடாக்கிய ஜேசிபி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தவன். ஷிப்ட் பஸ்ஸின் ஜன்னலுக்கும் ஜேசிபியின் இருக்கைக்கும் உயரம் ஒன்றாக இருந்ததில் காதல் உண்டாயிற்று. மேடாக்க நிலம் தீர்ந்ததும், மண் தள்ளியவனுக்குப் பனி தள்ள வராதா என்று இமயமலையின் எல்லையோரக் கிராமம் ஒன்றுக்கு கணவாய் ரோட்டில் பனியை வெட்டும் வேலைக்குப் போனான். நிச்சயத்துக்கு லீவு கிடைக்கவில்லை. வீடியோ கால் போதும் என்றார்கள் இளசுகள். தட்டு மாற்றாமல் நிச்சயம் எப்படி ஆகும் என்றார்கள் பெரியவர்கள். சரி, அதையும் போனிலேயே மாற்றிவிடலாம் என்று முடிவாயிற்று. இங்கே பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம். அங்கே வெற்றிலைக்கு எங்கே போவான்? ஒரு அலுமினியத் தட்டில் சுத்தமான பனியை ஒரு கை அள்ளி வைத்தான். "மாத்திக்கலாமா?" என்றார் கோதண்டம். "மாத்திக்கலாம் மாமா" என்றான் சுபாஷ். இரண்டு தட்டும் திரையைத் தொட்டன. மாறின. கோதண்டம் கையில் நசுங்கிய அலுமினியத் தட்டு சில்லென்று இருந்தது. தாம்பாளம் இரவல் வாங்கியதாயிற்றே என்பதுதான் அன்றைக்கு அவருடைய ஒரே கவலை.

கொடுக்கல் வாங்கல் அதோடு நிற்கவில்லை. அந்த ஊர்க் கணவாயின் குளிர்காலம் தவணை தவணையாக மாடிக்கு வந்து சேர்ந்தது. பென்னலூரின் புழுக்கம் சுபாஷின் கூடாரத்துக்குப் போயிற்று. வெளியே மூக்கு விறைக்கிற குளிரில் அவன் உள்ளே பனியனோடு விசிறிக்கொண்டு படுத்திருந்தான். ஊர்ப் பெண்கள் துவைத்த கம்பளிகளை அவன் கூடாரத்தில் காயப்போட்டார்கள். பிறந்து ஒரு நாள் ஆன ஆட்டுக்குட்டிகள் அவன் கட்டிலடியில் தூங்கின. டீக்கடை டோல்மா ரொட்டி மாவைப் பிசைந்து, பொங்குவதற்காக அவன் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவாள். எல்லாவற்றையும் அவன் வீடியோ எடுத்து அனுப்ப, எழிலரசி ஷிப்ட் பஸ்ஸில் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

மாசி பிறந்ததும் சிரிப்பு நின்றது. கல்யாணம் மாசியில். கணவாய் பனியில் மூடிக் கிடந்தது. பங்குனிக்கு முன்னால் திறக்காது என்று அங்கே கையை விரித்துவிட்டார்கள். கோதண்டத்தின் அக்கா பாப்பம்மாள் வந்து நடு வீட்டில் உட்கார்ந்தாள்.

"மண்டபம் சொல்லியாச்சு, பத்திரிகை வச்சாச்சு. குறிச்ச முகூர்த்தம் தப்பக் கூடாது, தம்பி. அந்தப் புள்ள வந்தா வரட்டும். வரலேன்னா என் ஸ்ரீதர் கீறான்."

கோதண்டம் தலையைச் சொறிந்தார். அவர் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள். கதவுக்குப் பின்னால் நின்று எழிலரசி கேட்டுக்கொண்டிருந்தாள்.

கைக்குக் கிடைத்த முறத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டிக்குப் போக வழியில்லாமல் பனி இடுப்பளவு நின்றது. ஆத்திரம் தீர வாரி வாரித் தெருவில் கொட்டினாள். ஒரு ஆள் போகிற அளவு வழி ஆயிற்று. போன் அடித்தது. சுபாஷ்.

"ஏய், இங்க மொத வளைவுல ரோடு தானா தொறந்துகிச்சு. மிஷின் வச்சே ஒரு வாரம் ஆவும். ஓரத்துல பாரு, மொறத்தோட பின்னல் அப்படியே பதிஞ்சு கீது."

எழிலரசி கையிலிருந்த முறத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"எத்தினி வளைவு கீது?"

"நெறைய கீது."

"நீ அந்தாண்டேந்து வெட்டு. நான் இந்தாண்டேந்து வரேன்."

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் பஸ் பென்னலூரில் நின்றது, மொத்த லைனும் இறங்கியது. வயர் மேல் உறை சுருங்குவதற்காகச் சூடு காட்டும் ஹீட் கன்கள் ஆளுக்கொன்று. எழிலரசியின் தோழி பெனிஷா, சர்ச்சில் அசன விருந்துக்குச் சோறு வடிக்கும் அண்டாவில் வெந்நீர் போட்டாள். எல்லோருக்கும் முன்னால் படியேறி வந்தவன், லைன் சூப்பர்வைசரான ஸ்ரீதர். பாப்பம்மாள் பெற்ற அதே ஸ்ரீதர். எழிலரசி முறத்தைக் கேடயம்போலப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாத்துக்கு மொறைக்கிற? வண்டி பஞ்சரானா மாட்றதுக்கு நான் இன்னா ஸ்டெப்னியா?" என்றான் ஸ்ரீதர். பிறகு மாடியைக் கண்ணால் அளந்தான். லைன் என்று ஒன்றைக் கண்டால் அவனுக்கு உலகத்தில் வேறு எதுவும் தெரியாது. உருக்க ஒரு ஸ்டேஷன், வார ஒரு ஸ்டேஷன், தண்ணீர் தள்ள ஒரு ஸ்டேஷன் என்று பிரித்தான். அன்றைய டார்கெட்டைத் தொட்டிச் சுவரில் கரியால் எழுதினான். பேசினால் பிரேக் கட் என்றான். டீ மட்டும் தாராளமாக வந்தது. மாடிப்படியில் வழி மறித்து உட்கார்ந்த பாப்பம்மாள், உருகி வந்த தண்ணீர் காலை நனைத்ததும் எழுந்து, தனக்கும் ஒரு டம்ளர் டீ கேட்டாள்.

பனி உருகுகிற காலம் பென்னலூரில் இப்படித்தான் ஆரம்பமாயிற்று. மழைநீர்க் குழாய் அருவியாக விழுந்தது. தெருவில் ஐஸ்தண்ணீர் கணுக்காலளவு ஓட, எருமைகள் ஆனந்தத்தில் படுத்துக்கொண்டன. சாக்கடையோரம் யாருக்கும் பெயர் தெரியாத நீலப் பூக்கள் மண்டின. பக்கத்து மண்ணூரிலிருந்து ஜனங்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கால் நனைக்க வந்தார்கள். அங்கே மலையில் வளைவுக்கு வளைவு ரோடு திறந்தது. பாறையிடுக்குகளில் டீ வாசமும் சோறு வடித்த கஞ்சி வாசமும் வருவதாக சுபாஷ் சொன்னான். ஊர்க்காரர்கள் இந்த வருஷம் வசந்தத்துக்கு என்ன அவசரமோ என்று பேசிக்கொண்டு பார்லி விதைக்க நிலத்தைத் தயார் செய்தார்களாம்.

முகூர்த்த நாள் காலையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரே ஒரு பனிச்சுவர் பாக்கி. ஹீட் கன்கள் எல்லாம் சூடேறிப் படுத்துவிட்டன. மண்டபத்தில் நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. பாப்பம்மாள் யார் சொல்லையும் கேட்காமல் மகனுக்குப் பட்டுவேட்டி கட்டிவிட்டிருந்தாள். அவன் அதை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் தள்ளினான். எழிலரசி கூறைப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முறத்தால் சுவரைக் குடைந்தாள். வளையல்கள் உடைந்தன. முறத்தின் விளிம்பு பிய்ந்தது. பிறகு வெறும் கையால் பறித்தாள். விரல்கள் மரத்துப்போய், தன்னுடையவைதானா என்று சந்தேகம் வந்த நேரத்தில், பனிக்குள்ளிருந்து இன்னொரு கை வந்து அவற்றைப் பிடித்தது. சூடாக இருந்தது.

ஓட்டை பெரிதாகி, பனியனோடு வியர்த்து வழிந்த சுபாஷ் இந்தப் பக்கம் இறங்கினான்.

"லேட்டாய்டுச்சா?"

"ஐயர் இப்பதான் காபி குடிக்கிறாரு. மூஞ்சி கழுவிக்க" என்றாள் எழிலரசி.

நாச்சியார் மாடிப்படியிலேயே ஆரத்தி சுற்றினாள். தனக்கென்று பாப்பம்மாள் கொடுத்திருந்த சட்டையை மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு ஸ்ரீதர் பந்தியை மேற்பார்வை பார்க்கப் போனான். குறித்த நேரத்தில் தாலி ஏறியது. வழி திறந்து கிடந்ததால் டோல்மாவும் ஊர்ப் பெண்களும் ஆட்டுக்குட்டிகளோடு பின்னாலேயே இறங்கி வந்துவிட்டார்கள். அழைக்காமல் வந்தவர்களுக்கும் வடை போதுமானதாக இருந்தது.

அதன்பின் வருஷங்கள் போயின. கணவாய் தையில் மூடும், மாசியில் திறக்கும். வழி திறந்திருக்கும் நாளெல்லாம் சுபாஷ் காலையில் டிபன் கேரியரோடு மாடியேறி வேலைக்குப் போவான், சாயங்காலம் இறங்கி வருவான். அவர்களுக்குப் பிறந்த பெண்ணுக்கு இரண்டு ஊர்ப் பேச்சும் வரும். பார்லி விதைத்து முடித்த அந்த ஊர்ப் பெண்கள் சிலர் ஸ்ரீதரின் லைனில் சேர்ந்து வேலை செய்தும் பார்க்கிறார்கள். கீழ்ப்போர்ஷனில் குடியிருக்கும் தாமஸ் மட்டும், மாசி மாதத்தில் படியெல்லாம் கம்பளிச் செருப்பாகக் கிடக்கிறது, கொஞ்சம் ஓரமாக விடச் சொல்லுங்கள் அக்கா என்பார். நாச்சியார் சொல்லி வைக்கிறேன் என்பாள்.